இடது சொக்கையில் வந்த சத்தம்

காலை ஆறரைக்கு மிதிவெடி அகற்றும் குழுவின் மேற்பார்வையாளன் சுகிர்தன் கேட்கும் கேள்வி ஒன்றுதான். பதினாறு பெண்கள் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி வரிசையில் நிற்பார்கள். அவன் அட்டையில் செருகிய படிவத்தோடு ஒவ்வொருத்தி முன்னாலும் வந்து நின்று, முகத்தை நேரே பார்த்து, "சுகமோ?" என்பான். காய்ச்சல், தலைச்சுற்று, நித்திரை குறைவு, வீட்டில் சண்டை, எது இருந்தாலும் அந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். சொன்னவளை அன்றைக்கு மிதிவெடிக் காணிக்குள் விடமாட்டார்கள். சொல்லாமல் உள்ளே போகிறவள் தன் கையை மட்டுமல்ல, தன்னைத் தூக்க ஓடிவருகிறவளின் காலையும் சேர்த்துப் பந்தயம் வைக்கிறாள்.

"சுகமோ, தயா அக்கா?"

"சுகம் சேர்."

தயாளினி ஏழு மாதமாக இந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பொய் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அவன் கேட்கிற அந்த நேரத்தில் அவளுக்கு உண்மையிலேயே ஒன்றும் இருக்காது. வீக்கமில்லை, காய்ச்சலில்லை, முகம் முகம் மாதிரியே இருக்கும். அதுதான் அவளைக் குழப்பியடித்தது. வலி என்றால் இருக்க வேண்டும். இது வந்து அடித்துவிட்டு, வந்ததற்கு அடையாளமே வைக்காமல் போய்விடும்.

முதல் தரம் வந்தது தைமாதத்தில், ஸ்கந்தபுரத்தில் தன் வீட்டுக் கிணற்றடியில் முகம் கழுவும்போது. ஈரக்கை இடது மூக்கோரத்தில் பட்டதுதான் தாமதம், அங்கிருந்து காதுவரை ஒரு இழுப்பு. அவள் வாளியை விட்டுவிட்டு நின்றாள். முன்பொரு தரம் தோட்டத்தில் யானை வேலியின் கரண்ட் கம்பியை மறதியாகத் தொட்டவள் அவள். அதே அடி. ஆனால் அந்தக் கம்பி இப்போது சொக்கைக்குள், கன்னத்துச் சதைக்குள் ஓடியது. மூன்று செக்கன். பிறகு ஒன்றுமில்லை. கிணறும் வாளியும் தென்னையும் முன்பு போலவே நின்றன.

பல்லு என்று அவளே தீர்ப்பு வைத்துவிட்டாள். பல்லில் ஓட்டை இல்லையே என்று பல் வைத்தியர் இரண்டு தரம் சொன்னார். அவள் விரலை வைத்து, "இதுதான், பிடுங்கிவிடுங்கோ" என்றாள். வலிக்கிறவளே இடம் காட்டும்போது அந்த மனிசனும் எத்தனை நேரம் மறுப்பார்? கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். பதினொரு நாள் ஒரு அடியும் இல்லை. பன்னிரண்டாம் நாள் றொட்டியைக் கடிக்கும்போது மேல் தாடையில் வந்தது. அப்படியானால் தவறான பல்லைப் பிடுங்கியிருக்கிறோம் என்று நினைத்து, வேறொரு இடத்துக்குப் போய் மேற்பல்லையும் பிடுங்குவித்தாள். அதற்குப் பிறகு மூன்று நாள்கூட ஓய்வில்லை.

வீட்டில் அவள் கதையைக் குறைத்துவிட்டாள். வாயைத் திறந்தால் சிலவேளை அடிக்கும், சிலவேளை அடிக்காது. எப்போது என்று தெரியாததால் எப்போதும் மூடியே வைத்திருந்தாள். வலப்பக்கத்தால் மட்டும் மென்றாள். இதைப் பார்த்துப் பார்த்து அவள் புருசன் கிருபன் தனக்குத் தெரிந்த ஒரே முடிவுக்கு வந்தான்.

"ஆரோட கோவம்?"

"ஒருத்தரோடயும் இல்லை."

"அப்ப ஏன் மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரியிறாய்?"

ஒருநாள் சமாதானமாக வந்து அவள் கன்னத்தைத் தொட்டான். அவள் அவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டாள். அவன் அலுமாரியில் போய் மோதினான். பிறகு அவனும் கதையை விட்டான். இரண்டு பேரும் வாய் மூடிய வீடு வெளிப்பார்வைக்கு நல்ல அமைதியாக இருந்தது.

வேலையில் சொன்னால் பாதையிலிருந்து எடுத்துவிடுவார்கள். பதினொரு வருடம் அவள் செய்த வேலை அது ஒன்றுதான். ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலில் நின்று, டிடெக்டரைத் தரைக்கு மேலே ஆட்டி, சத்தம் வந்த இடத்தில் அடையாளம் வைத்து, ஒரு சாண் பின்னால் தொடங்கி மண்ணைச் சுரண்டிக்கொண்டு போவது. குழுவில் அவள் கை மெதுவான கை என்று பேர். இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பேர் கிடையாது. அந்தப் பேரைத்தான் காப்பாற்ற நினைத்தாள்.

ஆவணி மாதம், சோளகக் காற்று அள்ளி வீசிய ஒரு காலை. அடையாளம் வைத்த இடத்தை நோக்கிச் சுரண்டிக்கொண்டிருந்தாள். முகக் கண்ணாடிக்குக் கீழால் ஒரு காற்று நுழைந்து மூக்கோரத்தைத் தடவியது. தலை தானாக வெட்டியது. கையும் சேர்ந்து வெட்டியது. கரண்டி இரண்டு அங்குலம் முன்னால் போய்ப் படாரென்று தரையில் குத்தியது.

அவள் மூச்சை விடாமல் பார்த்தாள். மண் விலகிய இடத்தில் துருப்பிடித்த மீன் ரின் மூடி ஒன்று கிடந்தது.

மூடியாக இருந்தது அன்றைக்கு. அவ்வளவுதான். அதற்கு மேல் யோசித்தால் எழும்ப முடியாது என்று தெரிந்ததால் அவள் யோசிக்கவில்லை.

அடுத்த பாதையில் இருபத்தைந்து மீற்றர் தள்ளி நின்ற ராஜினி அதைப் பார்த்திருந்தாள். முல்லைத்தீவுக் கரைக்காரி. எதையும் பார்க்காமல் விடமாட்டாள், பார்த்ததைச் சொல்லாமலும் விடமாட்டாள். இடைவேளைக்கு மரத்தடியில் வந்து குந்தியதும் தொடங்கினாள்.

"என்னடி, வலையில பட்ட சூடை மாதிரித் துள்ளினாய்?"

"பல்லு."

"எந்தப் பல்லு? ரெண்டைப் பிடுங்கி எறிஞ்சிட்டாய். எறிஞ்ச பல்லு திரும்பி வந்து குத்துதோ?"

ராஜினி தயாளினியின் நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பப் போனாள். அவள் விலகினாள். விலகியபோது காதுமடலுக்குக் கீழே இருந்து தாடையோரமாக இறங்கும் பழைய தழும்பு தெரிந்தது. பதினாறு வருடத்துக்கு முன், போரின் கடைசி நாட்களில் மாத்தளனில் செல் விழுந்த அன்று கிடைத்தது. அன்று யாரோ தைத்தார்கள். உள்ளே ஏதும் மிச்சம் கிடக்கிறதா என்று பார்க்க அன்று யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

"அடியேய்," என்றாள் ராஜினி. குரல் இறங்கிவிட்டது. "இது பல்லில்லை. பீஸ்."

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பதினாறு பேரில் பீஸ், அதாவது செல்லின் இரும்புத் துண்டு, இல்லாத உடம்பு ஐந்தோ ஆறோதான். ஒருத்திக்கு முதுகில், ஒருத்திக்குத் தொடையில். ஒருத்திக்கு ஒன்பது வருடம் கழித்து முழங்கைக்குக் கிட்டக் கட்டிபோல வந்து வெளியே விழுந்தது. பீஸ் நடக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. இந்த ஊரில் உடம்பில் எங்கே குத்தினாலும் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

"பாத்திடுவம்," என்று ராஜினி டிடெக்டரை எடுத்தாள். அது செய்யக்கூடாத காரியம் என்று இருவருக்கும் தெரியும். சுகிர்தன் மற்றப் பக்கம் றேடியோவில் கதைத்துக்கொண்டிருந்தான். "எல்லாத்தையும் கழட்டு. கொண்டைப்பின்?"

"காலமையே கழட்டிப்போட்டுத்தானே வாறனாங்கள்."

"உள்ளுக்கை போட்டிருக்கிறதில கொக்கி?"

"ராஜினி!"

"கத்தாதை. சத்தம் எங்கயிருந்து வருகுதெண்டு தெரியவேணும். பிறகு நெஞ்சுக்கை மிதிவெடி எண்டு றிப்போட் எழுதேலாது."

வலது சொக்கையில் பிடித்தாள். சத்தமில்லை. நெற்றி, சத்தமில்லை. இடப்பக்கம் கொண்டுவந்து காதை நோக்கி மெல்ல ஆட்டினாள். டிடெக்டர் கத்தியது. இன்னொரு தரம். கத்தியது. மூன்றாம் தரமும்.

தயாளினிக்கு வந்தது சந்தோசம். ஏழு மாதமாக அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத ஒன்றை ஒரு மெசின் ஒத்துக்கொண்டுவிட்டது. பதினொரு வருடம் அந்தச் சத்தத்தை நம்பித்தான் அவள் கால்களோடு வீட்டுக்குப் போயிருக்கிறாள். இனி என்ன? வெட்டி எடுத்தால் முடிந்தது. ஒரு கிழமை லீவு போதும்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தது ஒரு இளம் பெண் டொக்டர். தயாளினி கதிரையில் இருந்ததும் தழும்பைக் காட்டினாள்.

"உள்ளுக்குள்ள பீஸ் கிடக்கு டொக்டர். எடுத்துவிடவேணும்."

"ஆர் சொன்னது?"

"சத்தம் வந்தது" என்று சொல்ல வாய் வந்தது. "எனக்குத் தெரியும்," என்றாள்.

டொக்டர் எக்ஸ்ரேக்கு எழுதினா. ஆனால் உடனே அனுப்பவில்லை. பேனையை மூடிவிட்டு, "வலி வந்தா எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று கேட்டா.

இதை இதுவரை யாரும் கேட்டதில்லை. எங்கே என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

"ரெண்டு மூண்டு செக்கன். சிலநேரம் வரிசையா அஞ்சாறு தரம் அடிக்கும்."

"எப்பிடி அடிக்கும்?"

"யானை வேலி."

"என்ன வேலி?"

"யானைக்கு அடிக்கிற கரண்ட் கம்பி டொக்டர். அதில முகத்தை வைச்ச மாதிரி."

"ரெண்டு அடிக்கும் இடையில?"

"ஒண்டுமில்லை. நான் பொய் சொல்லித் திரியிற மாதிரி இருக்கும்."

"நித்திரையில எழுப்பியிருக்கோ?"

தயாளினி யோசித்தாள். இல்லை. விடிய எழும்பி முகத்தில் கை பட்ட பிறகுதான் எல்லாமே. ஏழு மாதம் சுமந்த வலியில் இதை அவள் கவனித்ததில்லை.

"வலப்பக்கம் ஒருக்காலாவது?"

"இல்லை."

"பல்லுத் தீட்டேக்க? சாப்பிடேக்க? காத்துப் பட்டா? கதைக்கேக்க?"

அவள் சமைக்கிற குசினிக்குள் ஒளிந்திருந்து பார்த்தவளைப் போல் டொக்டர் கேட்டா. ஓம், ஓம், ஓம் என்றாள் தயாளினி. அவளுக்குப் பயமாக இருந்தது.

"இடையில சில நாள் தானா நிண்டிருக்கோ?"

"முதல் பல்லுப் பிடுங்கின பிறகு பதினொரு நாள்."

"அது பல்லால நிண்டிராது. இது இடைக்கிடை தானா நிக்கிறது." டொக்டர் பஞ்சில் ஒரு இழையைப் பிரித்து எடுத்தா. "சொல்லிப்போட்டுத்தான் தொடுவன். முதல் தழும்பில."

தழும்பில் பஞ்சு பட்டது. ஒன்றுமில்லை. விரலால் அழுத்தினா. ஒன்றுமில்லை. எலும்பு நோகும்வரை அழுத்தினா, அப்போதும் அந்த வலி வரவில்லை.

"இனி மூக்கோரம்."

பஞ்சு பட்டதோ இல்லையோ, தயாளினி கதிரையோடு பின்னால் போனாள். கண்ணில் நீர் வழிந்தது. டொக்டர் பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு அவள் அடங்கும்வரை இருந்தா.

எக்ஸ்ரே படத்தில் பீஸ் இருக்கத்தான் செய்தது. காதுக்குப் பின்னால், கழுத்துத் தசையில், அரிசிமணி அளவில் வெள்ளையாக ஒன்று. சொக்கையில் எதுவும் இல்லை.

"அப்ப இருக்குத்தானே!" என்றாள் தயாளினி.

"இருக்கு. ஆனா வலி இதால இல்லை. மூளையில இருந்து முகத்துக்கு ஒரு நரம்பு வருகுது. அதில பிழை. பக்கத்தில ஓடுற ரத்தக்குழாய் அதில முட்டிக்கொண்டு நிக்கலாம். ஸ்கான் எடுத்துத்தான் பாக்கவேணும். கழுத்தில இரும்பு கிடக்கிறபடியா எந்த ஸ்கான் எண்டு பெரிய டொக்டரைக் கேட்டுத்தான் முடிவெடுக்கலாம். இப்போதைக்குக் குளிசை தாறன்."

"பீஸை எடுக்கமாட்டியளோ?"

"பதினாறு வருசமாச் சும்மா கிடக்கிறதை ஏன் அம்மா கிளறுவான்?"

தயாளினிக்கு இதுதான் விளங்கவே இல்லை. சும்மா கிடப்பதைக் கிளறி எடுப்பதற்காகத்தான் அவள் பதினொரு வருடமாக முழங்காலில் நிற்கிறாள். சத்தம் வந்தது. படம் எடுத்துப் பார்த்தார்கள். பொருளும் இருக்கிறது. பிறகு எப்படி அது இல்லை?

டொக்டர் குளிசையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தா. "காலமையும் பின்னேரமும் ஒவ்வொண்டு. விட்டு விட்டுப் போடக்கூடாது, கூட்டிப் போடவும் கூடாது. தலை சுத்தும், தூங்கி விழுவியள். சிலவேளை ரெண்டு ரெண்டாத் தெரியும். தோலில தடிப்பு வந்தா உடன நிப்பாட்டிப்போட்டு ஓடி வாங்கோ. என்ன வேலை செய்யிறியள்?"

"தோட்டம்."

"அப்ப கிணத்துக்கட்டில கவனம்."

வீட்டில் கிருபன் குளிசை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பேரைப் போனில் எழுதித் தேடினான்.

"இது வலிப்புக்காரருக்குக் குடுக்கிறதெண்டெல்லோ கிடக்கு."

"எனக்கு முகத்துக்குத் தந்தவா."

"முகத்துக்கு வலிப்போ?"

"நரம்பு எண்டவா. எனக்கே விளங்கேல்லை. என்னை ஏன் குடையிறியள்?"

பிறகு முழுவதையும் சொன்னாள். மெதுவாக, வலப்பக்க உதட்டால். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றைத்தான் கேட்டான்.

"அப்ப அண்டைக்கு என்னைத் தள்ளினது?"

"உங்களை இல்லை. கையை."

"கை என்ரதானே."

அவள் சிரிக்கப் போய், அடிக்குமோ என்று நிறுத்திக்கொண்டாள். அவன் போய்ச் சோற்றைக் குழையப் பிசைந்து, மெல்லாமல் விழுங்குகிற பதத்தில் கொண்டுவந்து வைத்தான். அது குழந்தைக்குச் செய்கிற மாதிரி இருந்தது. அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சாப்பிட்டாள்.

வெள்ளி பின்னேரத்தில் தொடங்கி ஞாயிறு வரை குளிசை போட்டாள். ஞாயிறு காலை முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்தாள். ஒன்றும் இல்லை. ஆனால் கிணற்றுக்கட்டு கொஞ்சம் சரிந்து நின்றது. இந்தக் குளிசையோடு மண்ணில் கை வைக்க முடியாது, இது இல்லாமலும் முடியாது. அவள் தனக்கென்று ஒரு சட்டம் போட்டாள்: லீவு நாளில் போடுவது, வேலை நாளில் விடுவது. டொக்டர் செய்யாதே என்று சொன்னது அதையேதான். செவ்வாய் மூன்று அடி. புதன் வாகனத்துக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு. வியாழன் அவள் பல்லே தீட்டவில்லை. வெள்ளி விடிய பொறுக்க முடியாமல் இரண்டு குளிசையை ஒன்றாக விழுங்கிவிட்டு வரிசையில் போய் நின்றாள்.

"சுகமோ, அக்கா?"

"சுகம் சேர்."

ஒன்பது மணியளவில் தன் பாதையின் முனையில் முழங்காலில் நின்று நிமிர்ந்தபோது, முன்னால் இரண்டு சிவப்புத் தடிகள் நின்றன. அவள் ஊன்றியது ஒன்று. சுத்தம் செய்த மண் எங்கே முடிகிறது, செய்யாதது எங்கே தொடங்குகிறது என்று சொல்கிற ஒரே அடையாளம் அது. இடது தடியை நம்பினால் முழங்கால் இருக்கும் இடம் சரி. வலது தடியை நம்பினால் அவள் ஏற்கெனவே ஒரு சாண் வெளியே நிற்கிறாள். ஒரு கண்ணை மூடினாள். ஒரு தடி. திறந்தாள். இரண்டு. இரண்டும் ஒரே சிவப்பு, இரண்டுக்கும் நிழல் இருந்தது.

டிடெக்டரைப் பின்னால், தான் வந்த பக்கம் மெல்லக் கிடத்தினாள். கையை உயர்த்தினாள்.

விசில் ஊதியது. காணி முழுக்க வேலை நின்றது. சுகிர்தன் பாதை வழியே வந்து இரண்டு மீற்றர் பின்னால் நின்றான்.

"என்ன அக்கா?"

"சேர், எனக்கு முன்னால எத்தினை தடி நிக்குது?"

அவன் அவள் தலைக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"ஒண்டு."

"எனக்கு ரெண்டு."

அவன் சத்தம் போடவில்லை. அது அவன் வேலையில் கெட்டிக்காரன் என்பதற்கு அடையாளம். "கண்ணை மூடுங்கோ. இடது காலைப் பின்னுக்கு எடுங்கோ. என்ர குரலுக்கு வாங்கோ. இன்னும் கொஞ்சம். ம். இப்ப மற்றக் கால்." அவன் கை அவள் ஜாக்கெட்டின் பின்பட்டியைப் பிடித்தது. எல்லைக் கயிற்றுக்கு வெளியே வரும்வரை விடவில்லை.

வெளியே வந்து அவள் முழுவதையும் சொன்ன பிறகுதான் கத்தினான்.

"ஏழு மாசமோ? ஏழு மாசம் ஒவ்வொரு நாளும் என்ர முகத்தைப் பாத்துச் சுகம் எண்டனீங்கள்?"

"நீங்கள் கேக்கேக்க சுகம்தான் சேர்."

"நீ டிடெக்டரை இவாவின்ர முகத்தில பிடிச்சனியோ?" ராஜினி பக்கம் திரும்பினான்.

"சத்தம் வந்தது சேர்."

"வந்தா?"

"அடையாளம் வைச்சுக் கிண்டவேணும்."

"முகத்தையோ?"

ராஜினி நிலத்தைப் பார்த்தாள்.

அன்றே வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதே டொக்டர், தயாளினி போட்டிருந்த சீருடையை மேலும் கீழும் பார்த்தா. "இதுதான் தோட்டமோ?" என்று மட்டும் கேட்டா. பிறகு குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுகிற மாதிரி எழுதித் தந்தா. ஆறு கிழமைக்குக் காணிக்குள் போகக்கூடாது. பிறகும் பெரிய டொக்டரின் கடிதம் வேண்டும். கடிதம் கிடைக்குமா என்று கேட்டாள். பாப்பம் என்றா.

இப்போது அவளுக்குக் கொட்டகையில் வேலை. அடையாளத் தடிகளுக்கு நுனியில் சிவப்புப் பூசுவது. காணிக்குள் போகாவிட்டாலும் காலை வரிசையில் நிற்கத்தான் வேண்டும்.

பத்தாம் நாள் சுகிர்தன் அவள் முன்னால் வந்து நின்றான். இப்போதெல்லாம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலான நேரம் முகத்தைப் பார்த்தான்.

"சுகமோ, அக்கா?"

அவள் வழக்கமான சொல்லை எடுக்கப் போய் நிறுத்தினாள். ஐந்து நாளாக அடி இல்லை. ஆனால் முதல் பல்லைப் பிடுங்கியபோதும் பதினொரு நாள் அடி வரவில்லை. அன்றைக்கும் சுகம் என்றுதான் நம்பினாள். இது குளிசையா, அல்லது வலி தானாக எடுத்துக்கொண்ட லீவா? நல்ல பற்கள் இரண்டு போன இடத்தை நாக்கு தடவியது.

"தெரியாது சேர்."

"அக்கா, படிவத்தில ஓம், இல்லை எண்டு ரெண்டுதான் கிடக்கு."

"ரெண்டும் இல்லை சேர். எனக்குத் தெரியாது."

வரிசையின் மற்ற முனையிலிருந்து ராஜினியின் குரல் வந்தது. "அவாவுக்கு எல்லாம் ரெண்டாத்தானே தெரியுது சேர். ரெண்டிலயும் புள்ளடி போடுங்கோ."

வரிசை சிரித்தது. சுகிர்தன் சிரிக்காமல் இருக்கப் பார்த்தான். இரண்டு கட்டங்களையும் விட்டுவிட்டு, ஓரத்தில் தெரியாது என்று எழுதிக் கையெழுத்து வைத்தான்.

தயாளினிக்கும் சிரிப்பு வந்தது. இடது சொக்கை இழுபட்டதும் பாதியில் நிறுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். எதுவும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு மிச்சச் சிரிப்பை வலப்பக்கத்தால் சிரித்து முடித்துவிட்டு, சிவப்புப் பூசக் கொட்டகைக்குப் போனாள்.